ஒட்டிப்போன இரண்டு பக்கங்கள்

ஜூன் 5, புதன்

என் கையெழுத்தைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில எழுத்து நண்டு ஓடியது போல இருக்கும். சில எழுத்து கோட்டை விட்டு இறங்கி அடுத்த வரியில் காலை வைத்துவிடும். ஐம்பது வருடம் உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாரிய கை இது. பேனா இந்தக் கைக்குள் தொலைந்துபோகிறது. இவ்வளவு எழுதவே முக்கால் மணி நேரம் ஆனது. ஆனாலும் நானே எழுதினேன்.

என் பெயர் பரமார்த்தலிங்கம். பத்து எழுத்து. வயது எழுபத்தொன்று. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளக் காலனியில் தனியாக இருக்கிறேன். பகலில் உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஷெட்டுக்குக் காவல். சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கன்வாடிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அதே அறையில் எங்களுக்குப் படிப்பு. பிரேமலதா டீச்சர் இன்று ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்து, "தினமும் நடந்தத எழுதுங்க. யாரும் எடுத்துப் படிக்க மாட்டோம்" என்றார். யாரும் படிக்காததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்தில் உட்காரும் சொர்ணத்தாய், "அண்ணாச்சி அவிய பேர எழுதி முடிக்கதுக்குள்ள நான் ரெண்டு பாத்தி வாரிருவேன் டீச்சர்" என்றாள்.

ஜூன் 8, சனி

பஸ்ஸில் போர்டு படித்தேன். மருந்துக் கடையில் போர்டு படித்தேன். சோப்பு உறையில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன். இத்தனை வருடம் ஊர் முழுக்க என்னிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் காது கேளாதவன் போல நடந்திருக்கிறேன்.

வீடு கூட்டினேன். தண்ணீர்ப் பானை, நான் பாயில் படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிகிறது. அதைக் கதவுக்குப் பின்னால் மாற்றி வைத்தேன். மே மாதமும் ஒரு தடவை மாற்றினேன்.

ஜூன் 12, புதன்

பாலபாடம் முடிந்துவிட்டது. அடுத்துப் படிக்க எழுத்துப் பெரிதாக இருக்கும் புத்தகம் வேண்டும் என்று டீச்சர் தேடி, கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்து ஜெபக்கனி நர்சம்மாவிடம் வாங்கியிருக்கிறார். பச்சை அட்டை. குழந்தைகளுக்கு வரும் நோய்களைப் பற்றியது. முப்பத்திரண்டு பக்கம், படம் நிறைய. நர்சம்மாவே வந்து கொடுத்தார். அவரவர் வேகத்தில் படிக்க வேண்டும், புரியாததைக் கேட்க வேண்டும்.

முதல் பாடம் இருமல். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. சொர்ணத்தாய் தன் மகள் கௌசல்யாவின் பிள்ளை யாழினியை மடியில் வைத்திருந்தாள். பத்து மாதம். எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். எனக்கு நாற்பது வந்தது. நர்சம்மாவுக்கும் நாற்பது. சொர்ணத்துக்கு அறுபத்திரண்டு.

"நீங்க பிள்ளையோட மூச்ச எண்ணுனியளா, ஒங்க மூச்ச எண்ணுனியளா?" என்று நர்சம்மா கேட்டார். ஐம்பதும் அதற்கு மேலும் வந்தால்தான் இந்த வயதுப் பிள்ளைக்கு ஆபத்தாம்.

போகும்போது ஆளுக்கு ஒரு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்தார். "வெயில் காலம். வீட்ல ஒண்ணு கெடக்கட்டும். எப்படிக் கலக்கணும்னு புத்தகத்துல இருக்கு."

அப்போது சொர்ணத்தாய் சொன்னாள், "நர்சம்மா, எங்க அண்ணாச்சியும் ஒங்கள மாதிரி வைத்தியந்தான். காலால பெறந்தவிய. சுளுக்குக்கு இவிய மிதிச்சாப் போதும். பிள்ளையளுக்குக் குடல் தட்டுவாவ. எம் மூத்தவ செல்வக்கனிக்கு ஒரு நாள் முழுக்கப் பக்கத்துல இருந்து பாத்தாவ. அவ ஆயுசு அம்புட்டுத்தான்."

நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை.

ஜூன் 15, சனி

மோட்டார் பெல்ட் அறுந்தது. மாற்றினேன்.

ஜூன் 18, செவ்வாய்

குடல் தட்டுவது என்றால் என்ன என்று நர்சம்மா டீச்சரிடம் கேட்டாராம். இங்கே எழுதி வைக்கிறேன். பிள்ளைக்கு வயிற்றாலே போனால் குடல் ஏறிவிட்டது என்போம். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, உள்ளங்காலில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். தட்டிய பிறகு பொழுது சாயும் வரை தண்ணீர் காட்டக் கூடாது, பாலும் கூடாது. ஈரம் பட்டால் குடல் மறுபடி ஏறிவிடும். என் அப்பாவுக்கு யாரோ சொன்னது. நான் காலால் பிறந்தவன், தலைக்கு முன்னால் கால் வெளியே வந்தவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். நான் யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை.

முப்பத்தைந்து வருடமாகத் தட்டுவதில்லை. கேட்டு வந்தால் கை வலி என்று சொல்லிவிடுவேன்.

ஜூன் 21, வெள்ளி

பன்னிரண்டாம் பக்கம் படித்தேன். பதின்மூன்றும் படித்தேன். சாளை மீன் வாங்கினேன், முள் அதிகம்.

மற்றவர்கள் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறார்கள். வேகமாகப் படிப்பதில் எனக்கு ஒரு பெருமை. எழுதிப் பழக வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து சில வரிகளைப் பார்த்து எழுதினேன்.

வயிற்றுப்போக்கின்போது தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது.

கண் குழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினால் உடலில் நீர் குறைந்துவிட்டது.

குழந்தை அழுகையை நிறுத்தித் துவண்டு கிடந்தால் அது தூக்கம் அல்ல.

கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். நான் எழுத்துக் கூட்டியதில் எங்காவது தப்பு இருக்கலாம் என்று.

ஜூன் 22, சனி

தப்பு இல்லை.

ஜூன் 24, திங்கள்

மோட்டார் ஓடும்போது ஒன்றும் இல்லை. நிறுத்தியதும் ஒரு சத்தம் இருக்கிறது, பிள்ளை அழுது அழுது தொண்டை காய்ந்த பிறகு வருகிற மாதிரி. பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டேன். மறுபடி நிறுத்திப் பார்த்தேன். சத்தம் பெல்ட்டிலிருந்து வரவில்லை.

உச்சி வெயிலில் உப்பு அம்பாரங்களைப் பார்க்க முடியவில்லை. வெள்ளைத் துணி போர்த்தி வைத்தது போல இருக்கின்றன. ஐம்பது வருடம் பார்த்த இடம்தான்.

ஜூன் 26, புதன்

சொர்ணத்தாயின் புத்தக அட்டை கிழியும் நிலையில் இருந்தது. கொடு, காலண்டர் தாளில் அட்டை போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். சோற்றுக் கஞ்சியில் பசை காய்ச்சினேன். அட்டை நன்றாக அமைந்தது. பசை கொஞ்சம் கூடிப்போய் உள்ளேயும் போய்விட்டது. பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயின. பிரித்தால் கிழியும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

"அண்ணாச்சி, எண்ணு சரிதான? பதினொண்ணுக்குப் பெறவு பதினாலு வருது" என்றாள் சொர்ணத்தாய். விரலை எழுத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்துகிறாள். ஆனால் நிறுத்துவதில்லை.

"அச்சடிச்சவன் விட்டிருப்பான்."

"அச்சடிக்கவனுக்கே எண்ணு தெரியலயா? அப்பம் நான் பரவால்ல" என்று சிரித்தாள். பதினாலாம் பக்கம் சொறி சிரங்கு. அதைப் படிக்க ஆரம்பித்தாள்.

நான் புதிதாகக் கற்றுக்கொண்ட எழுத்தை வைத்துச் செய்த முதல் வேலை இது.

ஜூலை 1, திங்கள்

பானையை வாசலுக்கு வெளியே வைத்தேன். நாய் வாய் வைத்தது. கழுவி உள்ளே வைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

இரவு வெகு நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை பத்து மணிக்குச் சொர்ணத்தாய் யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் ஷெட்டுக்கு ஓடி வந்தாள். கௌசல்யா அளத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

"அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் புடிச்சு பிள்ளைக்குத் தண்ணியாப் போவுது. ஒம்பது தடவ. குடல் ஏறிட்டு. கை வலின்னு சொல்லிராதிய. ஒரே ஒரு தட்டு."

"என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல. விடிஞ்சதுல இருந்து சொட்டுத் தண்ணி காட்டல. வேலைக்குப் போறதுக்கு முன்னால பால் குடுக்கேன்னு கௌசல்யா வந்தா, நான் விடல. அன்னைக்கு நீங்க சொன்னத மறப்பனா?"

பிள்ளையை வாங்கினேன். இரண்டு கணுக்காலும் என் ஒரு கைக்குள் அடங்கின. முப்பத்தைந்து வருடம் கழித்தும் கைக்கு அந்த எடை தெரிகிறது. கை தானாக மேலே தூக்கப் பார்த்தது. அதை இறக்கிச் சாக்கின் மேல் பிள்ளையைக் கிடத்தினேன்.

கண் குழிந்திருந்தது. வாய் அழுகிற மாதிரி கோணியது, கண்ணீர் வரவில்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு அப்படியே நின்று, மெதுவாகத்தான் படிந்தது.

"இப்ப அழுகைய நிறுத்திட்டா பாத்தியளா. ஒங்க கை பட்டதுமே தேவல. பிள்ள தூங்குது" என்றாள் சொர்ணத்தாய்.

"அது தூக்கம் இல்ல."

கிள்ளியதில் இருந்த பயத்தை விட இதைச் சொன்னதில் இருந்த பயம் பெரிது. அன்று செல்வக்கனி இதே போல அடங்கியபோது, குடல் இறங்கிட்டு, பிள்ளை தூங்குது, எழுப்பாதே என்று சொன்னவன் நான்.

என் பொட்டலத்தை ஷெட்டில்தான் மேல் பலகையில் வைத்திருந்தேன். காலையில் காய்ச்சி ஆறிய தண்ணீர் இருந்தது. ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து, பொட்டலம் முழுவதையும் போட்டுக் கலக்கினேன். ஸ்பூனைப் பிள்ளையின் உதட்டில் வைத்தேன். சொர்ணத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். உப்பு வாரிய கைதான் அவளுடையதும். வலித்தது.

"என்ன செய்யுதிய? தண்ணி காட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

"நான் சொன்னது தப்பு, தாயி."

"எது தப்பு?"

"தண்ணி காட்டக் கூடாதுன்னது."

"எப்பம் சொன்னது?"

நான் ஸ்பூனைப் பிள்ளையின் உதட்டிலிருந்து எடுக்கவில்லை. அவள் பிடி தானாகத் தளர்ந்தது. முதல் ஸ்பூன் வெளியே வழிந்தது. இரண்டாவதுக்கு நாக்கு வந்தது. மூன்றாவதில் பிள்ளை கண்ணைத் திறந்து ஸ்பூனைக் கடித்துக்கொண்டது, விடவில்லை.

நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். நம்பரை நானே படித்துப் போட்டேன். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வரச் சொன்னார், வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்றார். ஆட்டோவில் ஒரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தேன். ஒரு தடவை வாந்தி எடுத்தாள். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி இன்னும் மெதுவாகக் கொடுத்தேன். சொர்ணத்தாய் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பூனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் எண்ணிக்கொண்டு வந்தாள் என்று நினைக்கிறேன்.

நர்சம்மா எடை பார்த்தார், கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். டாக்டரும் வந்து பார்த்தார். நான்கு மணி நேரம் அங்கேயே உட்கார வைத்து அதே தண்ணீரைக் கொடுக்கச் சொன்னார்கள். கௌசல்யா அளத்திலிருந்து உப்புக் காலோடு ஓடி வந்து பால் கொடுத்தாள். இரண்டு மணிக்குப் பிள்ளை சிறுநீர் போனது. மூன்று மணிக்கு என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கியது.

"இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா என்னால எதுவும் சொல்ல முடியாது. வழியெல்லாம் குடுத்துட்டு வந்தது நல்லதாப் போச்சு. யாரு சொல்லித் தந்தா தாத்தா?" என்றார் நர்சம்மா.

படித்தவன் என்ற பெருமை என் வாயை முந்திக்கொண்டது. "புத்தகத்துல இருக்கே. பன்னெண்டாம் பக்கம்."

சொர்ணத்தாய் நிமிர்ந்தாள். "எம் புத்தகத்துல பன்னெண்டாம் பக்கமே இல்லியே."

"எல்லாப் புத்தகத்துலயும் உண்டும்மா. பன்னெண்டும் பதிமூணும் வயித்துப்போக்குதான்" என்றார் நர்சம்மா.

பதினாலு நாளைக்குத் துத்தநாக மாத்திரை கொடுத்தார்கள். அதைக் கரைத்துக் கொடுக்கும் விதத்தைச் சொர்ணத்தாய் கேட்டுக்கொண்டாள். என்னை விட்டுவிட்டு வேறு ஆட்டோவில் போனாள்.

ஜூலை 6, சனி

யாழினி நன்றாக இருக்கிறாள் என்று கடைக்காரர் சொன்னார்.

ஜூலை 10, புதன்

சொர்ணத்தாய் வகுப்புக்கு வரவில்லை. அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை. பதினெட்டாம் பக்கம் காய்ச்சல். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீர் கூடாது. படித்தேன். மண்டையில் ஏறவில்லை.

நர்சம்மாவிடம் தனியாக ஒன்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை இங்கே எழுத இன்று முடியவில்லை.

ஜூலை 17, புதன்

வந்தாள். எல்லோரும் போகும் வரை காத்திருந்தாள். டீச்சர் மட்டும் மூலையில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஈரத் துணி வைத்துப் பக்கங்களைப் பிரித்திருக்கிறாள். பன்னிரண்டின் சில எழுத்துகள் உரிந்து பதின்மூன்றில் ஒட்டியிருந்தன. எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, விரலை வைத்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தாள். உரிந்த இடத்தில் நின்று எதிர்ப்பக்கத்தில் அந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து மேலே போனாள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. 'அது தூக்கம் அல்ல' என்ற இடத்துக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

"இது அன்னைக்கே தெரியுமா, ஒலகத்துக்கு?"

"நர்சம்மாட்ட கேட்டேன். தெரியும்னாவ. பொட்டலமும் அப்பமே வந்துட்டாம்."

"ஒமக்கு?"

"தெரியாது."

அண்ணாச்சி என்ற சொல் இன்று வரவில்லை.

"சரி. எனக்குந்தான் தெரியாது. அவ பானையப் பாத்துப் பாத்து அழுதான்னு, பானைய எடுத்து ஒளிச்சு வச்சதே நாந்தான. அத நான் ஒம்ம தலைல போட மாட்டேன்." புத்தகத்தை மூடினாள். காலண்டர் தாள் அட்டை இன்னும் புதிதாகவே இருந்தது. "ஆனா இத ஒட்டினது தெரிஞ்சு செஞ்சது. யாழினி போயிருந்தா?"

டீச்சர் பொம்மை அடுக்குவதை நிறுத்தியிருந்தார்.

"நீ படிச்சிரக் கூடாதுன்னுதான் ஒட்டினேன், தாயி" என்றேன். "பசை தானாப் போகல."

"அழாதேயும். அழுது எனக்கு ஒண்ணும் ஆவப் போறதில்ல. எழுதும்."

"என்னத்த?"

"அன்னைக்கு நடந்தத. காலைல இருந்து. எனக்குப் பாதி ஞாவகமே இல்ல, மயங்கி மயங்கி விழுந்தேன். நீருதான் பக்கத்துல இருந்தீரு. எப்பவும் கைல வச்சுருக்கீரே, அந்த நோட்டுல எழுதும். நானே படிப்பேன். யாரும் படிச்சுச் சொல்ல வேண்டாம்."

ஜூலை 24, புதன்

ஒரு வாரத்தில் காலை வேளையை மட்டும் எழுத முடிந்தது. தனித் தாளில் எழுதி, இந்த நோட்டுக்குள் வைத்துக் கொண்டுபோய், தாளை மட்டும் கொடுத்தேன். முக்கால் பக்கம். வகுப்பு முழுவதும் அதைத்தான் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

செல்வக்கனி. வயது ஒன்பது மாதம். கீழே இரண்டு பல். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள் என்று தொடங்கியிருந்தேன்.

"மஞ்ச இல்ல. பச்ச. எங்க அம்ம தச்சது."

பேனாவைக் கொடுத்தாள். மஞ்சளை அடித்துவிட்டுப் பச்சை என்று எழுதினேன். அவள் அந்தச் சொல்லை மறுபடி ஒரு தடவை படித்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அந்தக் கவுனைப் பற்றி இருவரும் பேசியது இதுதான் முதல் தடவை.

கடைசி வரிக்கு வந்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"மத்தியானம்?"

"இன்னும் எழுதல."

"நோட்டையும் தாரும். மொதப் பக்கத்துல இருந்து படிக்கேன்."

சனிக்கிழமை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் படிக்கும் வேகத்துக்கு ஜூன் 26-க்கு வரப் பல வாரம் ஆகும். பசை தானாக உள்ளே போனதாக அங்கே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. அந்தப் பக்கத்தை ஒட்டவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பானையைப் பழைய இடத்தில், பாயில் படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிகிற இடத்தில் வைத்தேன். அன்று அவர்கள் வீட்டில் பானை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு கதவுக்குப் பின்னால் போனது. அதை எடுத்து வைக்கும் வரை பிள்ளை எத்தனை தடவை திரும்பிப் பார்த்தது என்று எனக்குத் தெரியும். அப்போது எழுதத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். அந்த மத்தியானத்தை அடுத்த புதனுக்குள் எழுதிவிடுவேன், சொர்ணம்.